வண்டலைக் கொட்டி வளர்த்த ஊர்: வில்கோவே பற்றி வாசகர் கேள்விகள்

டானியூப் ஆற்றைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, அந்த ஆறு கருங்கடலில் கலக்கும் இடத்தில் தெருக்களுக்குப் பதிலாகக் கால்வாய்கள் ஓடும் வில்கோவே என்ற உக்ரைன் ஊர் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் எண்ணிக்கையில் மற்றவற்றை மிஞ்சிவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதும் அந்த ஊருக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): வில்கோவே உக்ரைனில் எங்கே இருக்கிறது? வரைபடத்தில் தேடினால் ருமேனியாவுக்குள் இருப்பதுபோல் தெரிகிறதே? பெயருக்குப் பொருள் உண்டா?

பதில்: நீங்கள் பார்த்தது பெரிய தவறில்லை, ஊரின் தென்கரையில் நின்று எதிரே பார்த்தால் தெரிவது ருமேனியாதான். உக்ரைனின் தென்மேற்கு மூலையில், ஒடேசா மாகாணத்தின் இஸ்மாயில் மாவட்டத்தில், ஒடேசா நகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் இருக்கிறது. ஐரோப்பாவின் பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிவரும் டானியூப், இஸ்மாயில் நகருக்குச் சற்று மேலே பிரியத் தொடங்கி, கிலியா, சுலினா, புனித ஜார்ஜ் என்னும் மூன்று பெரிய கிளைகளாகக் கடலை அடைகிறது. அவற்றுள் வடக்கே ஓடுவதும் நீரை அதிகமாகச் சுமப்பதும் கிலியா கிளை. இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லை அந்தக் கிளையின் வழியாகவே செல்கிறது. அதன் இடது கரையில் உள்ள கடைசி ஊர் வில்கோவே.

பெயரின் பொருளையும் ஆற்றிலேயே பார்த்துக்கொள்ளலாம். 'வில்கா' என்றால் கவர்முள், அதாவது உணவு மேசையில் வைக்கும் முள்கரண்டி. ஊரைத் தாண்டியதும் கிலியா கிளை மறுபடியும் பல வாய்க்கால்களாகக் கவர்விட்டுப் பிரிவதால் இப்பெயர் வந்தது. அதற்கு முன்னர் ஊரின் பெயர் லிப்போவான்ஸ்கே. அந்தப் பெயருக்குரியவர்கள் யார் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி (காரைக்குடி வாசகி): நல்ல நிலம் எத்தனையோ இருக்க, சதுப்பின் நடுவே குடியேற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏன் வந்தது?

பதில்: சிலுவைக்குறியை எத்தனை விரலால் இடுவது என்ற சச்சரவே அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்றால் நம்பச் சற்றுக் கடினமாக இருக்கும்.

1652 இல் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தையாகப் பொறுப்பேற்ற நிக்கோன், வழிபாட்டு நூல்களையும் சடங்குகளையும் அக்காலக் கிரேக்கத் திருச்சபையின் முறைக்கு ஏற்பத் திருத்த முற்பட்டார். அதுவரை ரஷ்ய மக்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நீட்டிச் சிலுவைக்குறி இட்டுவந்தனர்; இனிமேல் பெருவிரலையும் சேர்த்து மூன்று விரல்களைக் குவிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. இரண்டு முறை பாடிய அல்லேலூயாவை மூன்று முறை பாட வேண்டும் என்றும், இயேசுவின் பெயரை ஓர் எழுத்துக் கூட்டி எழுத வேண்டும் என்றும் அதனோடு சேர்ந்து வந்தன. இவற்றை ஏற்க மறுத்தவர்களை 1666-67 இல் கூடிய திருச்சபைப் பேரவை சபித்து விலக்கியது; அவர்களே பழைய நம்பிக்கையாளர்கள் எனப்பட்டனர். அவர்களின் முன்னணித் தலைவரான 'அவ்வாக்கும்' என்னும் பாதிரியார் 1682 இல் உயிரோடு எரிக்கப்பட்டார். பின்னர் வந்த ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர், தாடிக்கு வரி போட்டதோடு நில்லாமல், 1716 இல் இவர்கள்மீது இரட்டைத் தலைவரியையும் சுமத்தினார்.

விரல் கணக்குக்காக உயிரை விடுவதா என்று இன்று கேட்பது எளிது. தாத்தன் செய்த வழிபாடு பாவம் என்று ஒருவர் வந்து அறிவித்தால் அதை ஏற்பதா என்பதே அவர்களின் கேள்வியாக இருந்தது. ஏற்காதவர்கள் வடக்குக் காடுகளுக்கும் சைபீரியாவுக்கும் அரசின் எல்லைக்கு வெளியேயும் சிதறினர். தெற்கே வந்தவர்களுக்கு லிப்போவான்கள் என்ற பெயர் ஏற்பட்டது. டானியூப் கழிமுகம் அப்போது உதுமானியப் பேரரசின் கையில் இருந்தது. கிறித்தவர்கள் எத்தனை விரலால் குறி இடுகிறார்கள் என்பது சுல்தானுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் நாணல் காட்டுக்குள் வரிக்காரனோ படைவீரனோ எளிதில் நுழைய முடியாது, கையெட்டும் தொலைவில் மீனும் கிடைக்கும் என்பதால், நல்ல நிலத்தைவிடக் கெட்ட நிலமே அவர்களுக்கு வசதியாக இருந்தது. ஊர் தோன்றியதாக ஏற்கப்படும் ஆண்டு 1746.

அவர்கள் மட்டுமே வந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1775 இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின், உக்ரைனியப் போர்வீரக் குடியினரான ஸப்போரீழியக் கோசாக்குகளின் தலைமையிடமான சிச் கோட்டையை அழித்தபோது, அவர்களில் ஒரு பகுதியினர் டானியூப் பக்கம் வந்து சுல்தானிடம் அடைக்கலம் புகுந்தனர். அவர்களின் வழிவந்த உக்ரைனியர்களும் இவ்வூரில் குடியேறினர். ஆகவே வில்கோவேயில் தொடக்கத்திலிருந்தே இரண்டு சமூகங்கள், இரண்டு வகைக் கோயில்கள், இரண்டு பேச்சுகள். லிப்போவான்கள் பேசும் ரஷ்ய மொழியில் பழஞ்சொற்கள் இன்னும் தங்கியிருக்கின்றன. அவர்களைச் சபித்து விலக்கிய தீர்மானத்தை ரஷ்யத் திருச்சபை 1971 இல்தான் திரும்பப் பெற்றது.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): 'உக்ரைனின் வெனிஸ்' என்று எழுதியிருந்தீர்கள். சதுப்பில் வீடு எப்படி நிற்கும்? அடித்தளம் எதன்மேல் போடுகிறார்கள்?

பதில்: 'வெனிஸ்' என்பது சுற்றுலாக்காரர்கள் ஒட்டிய பெயர், அதை நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன். வெனிஸ் நகரம் சேற்றில் அடித்து இறக்கிய மரக்கம்பங்களின்மேல் கல்லால் கட்டியது. வில்கோவேயில் கல்லே கிடையாது, சேறும் நாணலும்தான். இரண்டுக்கும் ஒற்றுமை படகு மட்டுமே.

முறை இதுதான். குடியிருக்க நினைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். வெட்டிய சேற்றை நடுவில் கொட்டுவார்கள். நடு உயரும், சுற்று ஆழமாகும். உயர்ந்த பகுதி மனை, ஆழமான பகுதி தெரு. இந்த வாய்க்கால்களை அவ்வூரார் 'யெரிக்' என்பர். அண்டை வீட்டுக்காரரும் தம் மனையைச் சுற்றி அவ்வாறே வெட்ட, யெரிக்குகள் ஒன்றோடொன்று இணைந்து ஊர் முழுவதற்கும் வலையாக விரிந்தன. கரையோரமாக மரத்தூண்கள் நட்டு, அவற்றின்மேல் இரண்டு மூன்று பலகை அகலத்துக்கு நடைபாதை போட்டிருப்பார்கள். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் உடலைத் திருப்பிக்கொண்டு வழிவிட வேண்டும். கோயிலுக்கும் கடைக்கும் படகில் போவதும், மணப்பெண்ணும் சவப்பெட்டியும் ஒரே படகுத்துறையில் ஏறுவதும் இங்கே வழக்கமாக இருந்தவை.

ஆனால் ஒருமுறை மேடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. வசந்த காலத்தில் மேல்நாட்டுப் பனி உருகி ஆறு பெருகும். கடலிலிருந்து பலத்த காற்று அடித்தால் ஆற்றுநீர் கடலுக்குப் போக வழியின்றித் திரும்பி ஏறும். நீர் ஏறும் ஒவ்வொரு முறையும் மனையின் விளிம்பு கரையும், யெரிக்கின் அடியில் வண்டல் படியும். எனவே யெரிக்கைத் தூர் வாரி அந்த வண்டலையே மனைமேல் போட வேண்டும். வாய்க்கால் தூர்ந்தால் படகு போகாது, நீர் தேங்கி நாறும். மனை தாழ்ந்தால் திராட்சைக் கொடியின் வேர் அழுகும். ஒரே உழைப்பில் இரண்டுக்கும் பரிகாரம். நீண்ட கைப்பிடியுள்ள அள்ளுகருவியால் அடிச்சேற்றை வாரிப் படகில் நிரப்பி, கொடிவரிசைகளுக்கிடையே வீசியெறிவார்கள். வீசும்போது கறுப்பாகக் கூழ்போல் இருக்கும் அச்சேறு காய்ந்தபின் வெளுத்து வெடித்து, உரம் தேவைப்படாத மண்ணாகிவிடும். வில்கோவேயின் ஸ்ட்ராபெரிப் பழம் பெயர் பெற்றதற்கும், 'நோவாக்' என்னும் உள்ளூர்த் திராட்சை மது வீட்டுக்கு வீடு தயாரிக்கப்பட்டதற்கும் இந்தச் சேறே காரணம்.

வீட்டுச் சுவரும் அதே பொருள்தான். சேற்றையும் நறுக்கிய நாணலையும் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைத்துச் சுவர் எழுப்புவர். அக்குழைவுக்குச் 'சாமூர்' என்று பெயர். துருக்கிய மொழியில் அச்சொல்லுக்குச் சேறு என்றே பொருள்; உதுமானியர் போன பின்பும் அவர்கள் சொல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இச்சுவர் கோடையில் குளிர்ச்சியையும் பனிக்காலத்தில் வெப்பத்தையும் காக்கும். வெள்ளம் வீட்டுக்குள் வந்து நின்றால் அடிச்சுவர் இளகும். நீர் வடிந்ததும் பக்கத்திலிருந்தே சேற்றை அள்ளி அப்பிவிடலாம். கூரையும் நாணல்தான். பனிக்காலத்தில் நாணல் காய்ந்து இலை உதிர்ந்தபின் அறுத்துக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுகள் மேற்கு ஐரோப்பாவில் கூரை வேய்வதற்கும் ஏற்றுமதியாகின.

இன்று ஊரின் எல்லாப் பகுதியும் இப்படி இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். யெரிக்குகளில் பலவற்றை மூடிச் சாலையாக்கிவிட்டார்கள். புதிய பகுதியில் காரும் பேருந்தும் ஓடுகின்றன. தண்ணீரில் வாழ்வது என்பது பழைய பகுதியோடு நின்றுவிட்டது. இளைஞர்கள் வெளியூர் போய்விட்ட வீடுகளின் முன்னால் தூர் வார ஆளில்லை. ஒரு வீட்டுக்கு முன் வாய்க்கால் தூர்ந்தால் அதற்கு அப்பால் உள்ள பத்து வீடுகளின் படகும் நின்றுவிடுகிறது. 2022 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஊரின் மக்கள்தொகை எட்டாயிரத்துக்கும் குறைவு.

கேள்வி (மதுரை வாசகர், வரலாற்று ஆசிரியர்): ருமேனியா, ரஷ்யா, உக்ரைன் என்று ஒவ்வொரு நூலிலும் ஒரு நாட்டின் பெயர் காணப்படுகிறது. உண்மையில் இது யாருடைய ஊர்?

பதில்: எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உதுமானியர் ஆட்சியில் தோன்றிய ஊர், ரஷ்ய-துருக்கியப் போரை முடித்த 1812 ஆம் ஆண்டின் புக்கரெஸ்ட் உடன்படிக்கையால், பெஸராபியா என்னும் நிலப்பரப்போடு சேர்ந்து ரஷ்யாவுக்குப் போயிற்று. எந்த அரசிடமிருந்து தப்பி ஓடிவந்தார்களோ அந்த அரசே அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு பின்னாலேயே வந்து சேர்ந்தது. கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றதும், 1856 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை தெற்கு பெஸராபியாவைப் பிரித்து மொல்டாவியாவிடம் கொடுத்தது. மொல்டாவியா அண்டை நாடான வலாக்கியாவுடன் இணைந்து ருமேனியா ஆனபோது வில்கோவேயும் ருமேனிய ஊராயிற்று. 1878 இல் பெர்லின் மாநாடு அதைத் திருப்பி ரஷ்யாவிடமே கொடுத்தது. அப்போதுதான் கிலியா கிளை ருமேனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் எல்லையாயிற்று. அந்தக் கோடு பெரும்பாலும் இன்றுவரை நிலைத்துவிட்டது. எல்லையின் அக்கரையில் உள்ள பெரிப்ராவா சிற்றூரிலும் லிப்போவான்களே வாழ்கிறார்கள் என்பது அந்தக் கோடு எதைப் பிரித்தது என்பதைக் காட்டும்.

1918 இல் பெஸராபியா ருமேனியாவோடு இணைந்தது. ஊருக்கு 'வல்கோவ்' என்று ருமேனியப் பெயர் வழங்கிய அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அது கறுப்புக் கேவியாருக்கு, அதாவது உப்பிட்ட மீன்முட்டைக்கு, பெயர் பெற்றிருந்தது. 1940 ஜூன் இறுதியில் சோவியத் ஒன்றியம் இறுதி எச்சரிக்கை விடுத்து இப்பகுதியைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியோடு சேர்ந்து ருமேனியப் படை மீண்டும் வந்தது. 1944 ஆகஸ்டில் சோவியத் படை திரும்பியது. உக்ரைன் சோவியத் குடியரசுக்குள் முதலில் இஸ்மாயில் மாகாணம் என்ற தனி மாகாணத்தில் இருந்த ஊர், 1954 இல் அம்மாகாணம் கலைக்கப்பட்டதும் ஒடேசா மாகாணத்தில் சேர்ந்தது. 1991 முதல் சுதந்திர உக்ரைனின் ஊர்.

ஆசிரியர் என்பதால் உங்கள் மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். 1910 இல் வில்கோவேயில் பிறந்து, ஊரைவிட்டு ஒருநாளும் வெளியே போகாமல் 1991 இறுதி வரை வாழ்ந்த ஒருவர், எத்தனை முறை நாடு மாறியிருப்பார்? ஜார் ஆட்சியில் பிறந்து, எட்டு வயதில் ருமேனியராகி, முப்பதில் சோவியத் குடிமகனாகி, அடுத்த ஆண்டே மறுபடி ருமேனியராகி, முப்பத்து நான்கில் திரும்பச் சோவியத் குடிமகனாகி, எண்பத்தொன்றில் உக்ரைன் குடிமகனாகியிருப்பார், ஐந்து மாற்றங்கள். இத்தனைக்கும் இடையில் யெரிக்கைத் தூர் வாரும் முறையை எந்த அரசும் மாற்றவில்லை. எல்லா அரசுகளும் கேட்டது மீனைத்தான்.

கேள்வி (சேலம் வாசகி): அவர்கள் உணவு மீன் மட்டும்தானா? கேவியார் அங்கிருந்து இன்னும் வருகிறதா?

பதில்: கேவியார் காலம் முடிந்துவிட்டது. பெலுகா, செவ்ரூகா போன்ற ஸ்டர்ஜன் இனப் பெருமீன்கள் கருங்கடலில் வளர்ந்து, முட்டையிட டானியூபில் பல நூறு கிலோமீட்டர் மேலேறிச் செல்லும் இயல்புடையவை. செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் இடையிலான 'இரும்பு வாயில்' மலையிடுக்கில் 1972 இலும் 1984 இலும் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு அணைகள் அந்தப் பாதையை அடைத்துவிட்டன. மிச்சமிருந்ததை மிகுபிடிப்பு தின்றது. உக்ரைன் 2000 ஆம் ஆண்டிலும் ருமேனியா 2006 இலும் ஸ்டர்ஜன் பிடிப்பதைத் தடை செய்தன.

இன்று ஊரின் மீன் என்றால் 'துனாய்கா' என்று செல்லமாக அழைக்கும் டானியூப் ஹெர்ரிங். பெயர் ஹெர்ரிங் என்றாலும், அறிவியல் கணக்கில் இது நம் வங்கக்கடலின் ஹில்சாவுக்கும் உறவு. ஹில்சாவைப் போலவே கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும், உடம்பெல்லாம் கொழுப்பு. வசந்தம் தொடங்கும்போது கூட்டங்கூட்டமாக ஆற்றுக்குள் நுழையும். ஊர் முழுவதும் அந்தச் சில வாரங்களுக்காகக் காத்திருக்கும். மீன் மேலேறி முட்டையிட வேண்டும் என்பதற்காகப் பருவத்தின் நடுவே சில நாட்கள் வலை போடக்கூடாது என்று அரசு விதிப்பதும், எந்த நாட்கள் என்று மீனவர் வழக்காடுவதும் உண்டு. பிடித்ததும் குறைந்த உப்பில் ஊறவைத்து, ஓரிரு நாளில், சமைக்காமலேயே தின்பது வழக்கம். அதிக உப்பிட்டு நாள்பட வைப்பதை அவ்வூர் மீனவர் இரண்டாம் தரமாகவே கருதுவர்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): டானியூபின் 'பூஜ்யம் கிலோமீட்டர்' வில்கோவே அருகில் இருப்பதாகச் சுற்றுலாப் படங்களில் கண்டேன். ஆறு பிறக்கும் இடத்தில்தானே பூஜ்யம் இருக்க வேண்டும்?

பதில்: டானியூபைக் கடலில் கலக்கும் வாயிலிருந்து மேல்நோக்கியே அளக்கிறார்கள்; அதனால் பூஜ்யம் கடலோரத்தில்தான். ஆனால் கப்பல் போக்குவரத்துக்கு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட பூஜ்யம், ருமேனியாவின் சுலினாவில் இருக்கிறது. வில்கோவேயிலிருந்து படகில் அழைத்துச் சென்று காட்டுவது உக்ரைன் பக்கத்துக் கழிமுக முனையில் நட்ட அடையாளப் பலகை. படம் எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

அந்தப் பலகையைவிடச் சுவையான செய்தி அந்த முனையே. இவ்வூர் தோன்றியபோது கடல் கிட்டத்தட்ட ஊர் வாசலில் இருந்தது. டானியூபின் வண்டலில் பெரும்பங்கைக் கிலியா கிளை கொண்டுவந்து ஆழமில்லாத கடலில் கொட்டியதால், ஊருக்குக் கிழக்கே புதிய தீவுகள் எழுந்து, ஊர் நகராமலேயே கடல் பல கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. மனிதன் மனைமேல் கொட்டியதை ஆறு கடல்மேல் கொட்டியிருக்கிறது. மேலே அணைகள் வந்தபின் ஆறு கொண்டுவரும் வண்டல் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டதால், அந்த வளர்ச்சி இப்போது தளர்ந்திருக்கிறது.

இந்த இளநிலத்தைத்தான் 1998 இல் டானியூப் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். தலைமையகம் வில்கோவேயில், பரப்பு ஏறத்தாழ 50,000 ஹெக்டேர். ருமேனியப் பக்கத்துக் காப்பகத்தோடு சேர்த்து யுனெஸ்கோ இதை ஒன்றாக அங்கீகரித்திருக்கிறது. கிலியா கிளையில் உள்ள யெர்மக்கோவ் தீவில், சோவியத் காலத்தில் வேளாண்மைக்காகக் கட்டிய கரைகளை உடைத்துவிட்டு நீரை உள்ளே வரவிட்டிருக்கிறார்கள். 2019 இல் உக்ரைனின் மேற்கு மூலையிலுள்ள டிரான்ஸ்கார்பாத்தியாவிலிருந்து எருமைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். எருமை புகுந்து உழக்கினால் அடர்ந்த நாணலுக்குள் வழியும் குட்டையும் உண்டாகும், அங்கே மீனும் பறவையும் வரும் என்பது கணக்கு. எருமை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (சென்னை வாசகர்): போர்ச் செய்திகளில் வந்த பாம்புத் தீவு இந்த ஊருக்கு அருகில்தானா? போர் ஊரை என்ன செய்தது?

பதில்: அருகில் மட்டுமல்ல, ஆட்சிமுறைப்படி இந்த ஊருக்கே சேர்ந்தது. கழிமுகக் கரையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் கருங்கடலில் இருக்கும் அந்தப் பாறைத்தீவின் பரப்பு 20 ஹெக்டேருக்கும் குறைவு. பழைய கிரேக்கர்கள் அதை 'லூக்கே', அதாவது 'வெள்ளை' என்று அழைத்து, வீரன் அக்கிலீஸுக்குரிய தீவாகப் போற்றினர். 1948 இல் ருமேனியாவிடமிருந்து சோவியத் ஒன்றியத்துக்குப் போன தீவு இது. ருமேனியாவும் உக்ரைனும் அதைச் சுற்றியுள்ள கடலுக்காக வழக்காடி, 2009 இல் ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் கடலைப் பிரித்துக் கொடுத்தது. அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த 2007 இல், அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்று காட்டும் வகையில், உக்ரைன் தீவில் 'பீலே' என்ற குடியிருப்பை அறிவித்து, அதை வில்கோவே நகராட்சியின்கீழ் வைத்தது. 'பீலே' என்றாலும் வெள்ளை என்றே பொருள்.

2022 பிப்ரவரி 24 அன்று, போரின் முதல் நாளிலேயே, ரஷ்யா அத்தீவைக் கைப்பற்றியது. ஜூன் 30 அன்று விட்டு வெளியேறியது. அடுத்த மாதமே வில்கோவேயின் கிழக்கே, கிலியா கிளை கடலில் சேரும் வாய்களுள் ஒன்றான பிஸ்த்ரே வழியாகச் சரக்குக் கப்பல்கள் டானியூபுக்குள் நுழையத் தொடங்கின. கருங்கடல் துறைமுகங்கள் முடங்கிக் கிடந்த அக்காலத்தில், உக்ரைனின் தானியத்துக்கு இஸ்மாயில், ரேனி ஆகிய ஆற்றுத் துறைமுகங்களே வெளிவழியாக இருந்தன. அதனாலேயே 2023 இல் அவை ரஷ்ய ட்ரோன் தாக்குதலுக்கும் இலக்காயின.

பிஸ்த்ரே வாய்க்குப் பழைய வழக்கு ஒன்றும் உண்டு. 2004 இல் உக்ரைன் அதைக் கப்பல் செல்லும் ஆழத்துக்குத் தோண்டத் தொடங்கியபோது, பறவைகளின் இனப்பெருக்க இடம் பாழாகும் என்று சூழலியலாளர்களும், சுலினா வழியே கப்பல் வருவாய் பெறும் ருமேனியாவும் எதிர்த்தனர். எல்லை கடந்த சூழல் பாதிப்பு உண்டு என்று 2006 இல் பன்னாட்டு விசாரணைக் குழுவும் முடிவு சொன்னது. அந்த முடிவு தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும், அன்று பலரும் வேண்டாம் என்ற அந்தக் கால்வாய் போர்க்காலத்தில் ஒரு நாட்டின் கோதுமையை வெளியே கொண்டுபோயிற்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி (ஈரோடு வாசகி): ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. எப்போது போகலாம்?

பதில்: இப்போது முடியாது, நாடு போர்க்காலச் சட்டத்தின்கீழ் இருக்கிறது, ஊரோ எல்லையோரத்தில் இருப்பதால் ஆற்றில் படகு விடுவதற்கே கட்டுப்பாடு உண்டு. அமைதி திரும்பியபின் போவதானால், துனாய்கா ஆற்றில் ஏறும் வசந்த காலமே ஏற்றது. ஒடேசாவிலிருந்து சாலை வழியாகப் போய், பழைய பகுதியில் தங்கிப் படகில் சுற்றலாம். ஜூன் பிறந்துவிட்டால் நாணல் காட்டுக் கொசு மாலையில் வெளியே நிற்க விடாது, வலையோடு போங்கள்.